முதல் வயலினுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

விஜயதசமி வந்தால் இசை வகுப்புகளில் புதுப் பிள்ளைகள் சேர்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் இசைக்கருவிக் கடைகளில் கூட்டம் கூடுகிறது. வாய்ப்பாட்டு கற்கும் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் சுருதிப் பெட்டியும் போதும். இப்போது கைப்பேசியே சுருதிப் பெட்டியாகவும் இருக்கிறது. வயலினோ வீணையோ கற்க வேண்டுமென்றால் கருவி வேண்டும். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு எல்லாம் போக மீதியை எண்ணிப் பார்க்கும் குடும்பம் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறது. பிள்ளையின் ஆர்வம் நிலைக்குமா என்பதும் தெரியாது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் எடுக்கப்படும் முடிவு இதுதான்: இருப்பதிலேயே விலை குறைந்த புது வயலினை இப்போது வாங்கிக் கொடுப்போம், நன்றாக வாசித்தால் பிறகு நல்லதாக ஒன்று வாங்கலாம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த முடிவுதான் பணத்தையும் ஆர்வத்தையும் சேர்த்து வீணாக்குகிறது என்கிறேன். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் கருவியின் புதுமைக்கும் பளபளப்புக்கும் கொடுக்கும் காசைக் குறைத்து, அது சரியாக ஒலிக்கவும் சுருதியில் நிற்கவும் தேவையான வேலைக்குக் காசு ஒதுக்க வேண்டும். வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் அதுதான் முதல் வழி, அடுத்தது சரிபார்த்த பழைய கருவி, புதியது கடைசி.

இதற்கான காரணம் வயலினின் அமைப்பிலேயே இருக்கிறது. வீணையிலும் கித்தாரிலும் மெட்டுகள் உண்டு; விரலை வைக்க வேண்டிய இடத்தை அவை காட்டிவிடும். வயலினில் அப்படி எதுவும் கிடையாது. வழவழப்பான கறுப்புப் பலகையின்மேல் எந்த இடத்தில் விரல் விழ வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். கர்நாடக இசையில் வயலினின் நான்கு தந்திகளும் ச, ப, ச, ப என்று சேர்க்கப்படுகின்றன. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை தொடங்கும் பிள்ளைக்கு, விரல் வைக்காமல் ஒலிக்கும் அந்த ஷட்ஜமும் பஞ்சமமும்தான் ஆதாரம். ஷட்ஜத்தை ஒட்டியே வரும் சுத்த ரிஷபத்துக்கு விரலை எவ்வளவு நகர்த்துவது, அந்தர காந்தாரத்துக்கு எவ்வளவு தள்ளுவது என்பதையெல்லாம் அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் விரல் பழகுகிறது. தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கி, வாசிக்கும்போதே தந்தி சுருதி இறங்கிக்கொண்டே போனால் பிள்ளையின் விரல் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தைத் தேடும். அளவுகோலே சுருங்கி நீளுமானால் அதை வைத்து யாராலும் சரியாக அளக்க முடியாது. தேர்ந்த வித்வான் மோசமான கருவியிலும் ஓரளவு சமாளிப்பார். கருவி தரும் பிழையை அவர் காது கண்டுபிடித்துவிடும். தொடக்க நிலைப் பிள்ளைக்கு அந்தக் காது இனிமேல்தான் உருவாக வேண்டும். ஆகவே நம்பகமான கருவி வித்வானைவிடப் பிள்ளைக்கே அதிகம் தேவை.

மலிவான வயலின்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே செலவழிப்பது என்பதும் விளங்கிவிடும். சீனாவின் ஜியாங்சூ மாகாணத்தில் ஹுவாங்சியாவ் என்ற சிறு நகரம் உலகுக்கு வயலின் செய்து அனுப்புவதையே தொழிலாகக் கொண்டிருக்கிறது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் வயலின் தயாரிப்புக்குப் பெயர் பெற்றது. இயந்திரங்களும் பழகிய கைகளும் சேர்ந்து உடற்பகுதியைக் குறைந்த செலவில் செய்துவிடுகின்றன. அதில் பெரிய குறை இல்லை. விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வரும்போது விட்டுப்போவது கடைசிக் கட்ட வேலைதான். தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை என்ற சிறு பலகையை அந்தக் குறிப்பிட்ட கருவியின் வளைவுக்கு ஏற்பச் செதுக்க வேண்டும். பிருடைகளை அவற்றின் துளைகளில் உராய்ந்து நிற்கும்படி கடைய வேண்டும். உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட்டைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். தந்தியின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக, அனுபவமுள்ள கை செய்ய வேண்டிய வேலை இது. இணையத்தில் வாங்கும் மலிவான வயலினில் பல சமயம் குதிரை நிறுத்தப்படாமல் தனியாகவே வந்து சேரும். வயலினை முன்பின் தொட்டிராத பெற்றோர் அதை நிறுத்தி, தந்தியை முறுக்கி, பிள்ளையிடம் கொடுக்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்திருப்பது பாதி வேலை மட்டுமே முடிந்த கருவி என்பதை அவர்களுக்குச் சொல்ல அங்கே யாருமில்லை.

அந்த மீதி வேலை எவ்வளவு முக்கியம் என்பதைச் சில மில்லிமீட்டர்கள் முடிவு செய்கின்றன. முழு அளவு வயலினில், விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர் போர்டு முடியும் இடத்தில் மெல்லிய தந்திக்கும் பலகைக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டரும், தடித்த தந்திக்கு சுமார் 5 மில்லிமீட்டரும் இடைவெளி இருப்பது வழக்கம். செதுக்காத குதிரை இதைவிடக் கணிசமாக உயர்ந்து நிற்கும். அப்போது தந்தியை அழுத்த அதிக விசை வேண்டும். அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதியும் ஏறும். விரல் சரியான இடத்தில் விழுந்தாலும் சுவரம் தவறும். விரல் நுனியும் வலிக்கும். குதிரையின் மேல்வளைவு போதாமல் தட்டையாக இருந்தால், ஒரு தந்தியை வாசிக்கும் வில் பக்கத்துத் தந்தியிலும் உரசும். நம் இசையில் இந்தக் குறைகள் இரட்டிப்பாகத் தெரியும். கமகம் என்பதே விரல் தந்தியோடு ஒட்டி வழுக்கிப் போய்வருவதுதான். ஃபிங்கர் போர்டு கருங்காலியாக இல்லாமல், மென்மரத்தில் கறுப்புச் சாயம் பூசியதாக இருந்தால், அந்த ஓயாத உராய்வில் சாயம் உரிந்து தந்தி ஓடும் வழியெல்லாம் பள்ளம் விழும். மேலும், கர்நாடக வயலினை மேல்நாட்டுச் சுருதியைவிடத் தாழ்த்திச் சேர்ப்பதே பெரும்பாலும் வழக்கம். மேல்நாட்டுச் சுருதிக்கென்று செய்த மட்டமான தந்தி, அப்படி இறக்கியதும் தொய்ந்து ஒலி மங்கிவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். உலகில் மோசமான கருவிகளில் கற்று முன்னுக்கு வந்தவர்கள் இல்லையா? பராகுவே நாட்டின் தலைநகரான அசுன்சியோனை ஒட்டியுள்ள கத்தேயுரா குப்பைமேட்டுக் குடியிருப்பில், ஃபாவியோ சாவேஸ் என்பவர் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கத் தொடங்கியபோது கொடுக்கக் கருவிகள் இல்லை. குப்பை பொறுக்கி வாழ்ந்த நிக்கோலாஸ் கோமேஸ், வீசியெறியப்பட்ட தகர டப்பாக்களையும் முட்கரண்டிகளையும் கொண்டு வயலின் செய்து கொடுத்தார். அந்தப் பிள்ளைகளின் இசைக்குழு பல நாட்டு மேடைகளில் வாசித்தது. தகர டப்பாவிலேயே முடிந்தது என்றால், நம் ஊர்க் கடையின் மலிவு வயலினில் ஏன் முடியாது என்று கேட்கலாம். அந்தக் கதையைக் கூர்ந்து பார்த்தால் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. அந்த வயலின்களில் உடல்தான் தகரம். ஒவ்வொன்றையும் வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒரு கைவினைஞர் நேரம் செலவிட்டார்; வாசித்துப் பார்த்துக் குறை சொல்ல ஆசிரியர் பக்கத்திலேயே இருந்தார். பொருள் மலிவாக இருந்தது. அதன்மேல் செய்த வேலை மலிவாக இல்லை. நம் மலிவு வயலினில் மரம் நன்றாகவே இருக்கலாம், அந்த வேலைதான் நடந்திருக்காது.

எதிர் முனையிலும் ஒரு சான்று உண்டு. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த சர்வதேச வயலின் போட்டியின்போது, கிளாடியா ஃபிரிட்ஸ் என்ற ஆய்வாளர் தம் குழுவினருடன் ஒரு சோதனை நடத்தினார். அனுபவமுள்ள 21 வயலின் கலைஞர்களிடம் 6 வயலின்கள் கொடுக்கப்பட்டன. அவற்றுள் 3 புதியவை. மற்ற மூன்றும் புகழ்பெற்ற பழைய இத்தாலியக் கைவினைஞர்களின் படைப்புகள்: இரண்டு ஸ்ட்ராடிவாரி செய்தவை, ஒன்று குவார்னேரி செய்தது. எதை வாசிக்கிறோம் என்று தெரியாதபடி கலைஞர்களின் பார்வை மறைக்கப்பட்டது. பழைய மூன்றின் மொத்த மதிப்பு புதியவற்றைப்போல் சுமார் நூறு மடங்கு. ஆனால் பலரும் விரும்பித் தேர்ந்தது ஒரு புதிய வயலினை; மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. தாம் தேர்ந்தது பழையதா புதியதா என்று பெரும்பாலோரால் சொல்லவும் முடியவில்லை. இந்தச் சோதனையில் இருந்த எல்லாமே உயர்தரக் கருவிகள், எனவே மலிவு வயலினும் உயர்ந்த வயலினும் ஒன்றே என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பெயரும் விலையும் தரும் மயக்கத்தை விலக்கிவிட்டால், கைக்கும் காதுக்கும் இசைவதுதான் கருவியை மதிப்பிடும் அளவு என்று உறுதியாகச் சொல்லலாம். சிக்கனமாக வாங்க வேண்டியவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

இன்னொரு மறுப்பு வீட்டுக்குள்ளிருந்தே வரும். முதலில் பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா என்று பார்ப்போம், அதற்கு மட்டமான கருவியே போதாதா? மட்டமான கருவியை வைத்து ஆர்வத்தைச் சோதிப்பது நேர்மையான சோதனை ஆகாது. அரை மணி நேர வகுப்பில் பத்து நிமிடம் சுருதி சேர்ப்பதிலேயே கழிந்து, வில்லை இழுத்தால் கீச்சென்ற ஒலியும் அழுத்தினால் விரல்வலியும் மட்டுமே கிடைத்தால், எந்தப் பிள்ளையும் சில மாதங்களில் ஒதுங்கிக்கொள்ளும். பெற்றோர் அதைப் பார்த்து, இவனுக்குச் சங்கீதம் வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் தோற்றது கருவியாக இருக்கலாம். பழியைச் சுமப்பது பிள்ளை. அந்தப் பழி வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்ளும். ஆர்வத்தைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால், அதற்கு மிகப் பொருத்தமான வழி நல்ல கருவியைக் குறைந்த காலத்துக்கு எடுப்பது. வாடகையின் முதல் நியாயம் இதுதான். ஆறு மாதத்தில் பிள்ளை விலகினால் ஆறு மாத வாடகையோடு செலவு நின்றுவிடும். பரணில் தூசி படிய ஒரு பெட்டியும் மிஞ்சாது.

சிறு பிள்ளைகளுக்கு வாடகையின் நியாயம் இன்னும் வலுவானது. வயலின் 1/16, 1/8, 1/4, 1/2, 3/4, முழு அளவு என்று படிப்படியாக வருகிறது. பெயரில் பாதி என்று இருந்தாலும் 1/2 அளவு வயலின் நீளத்தில் பாதி அன்று. முழு அளவின் உடல் சுமார் 35.5 சென்டிமீட்டர் என்றால் அதன் உடல் சுமார் 31 சென்டிமீட்டர் இருக்கும். ஆறு வயதில் தொடங்கும் பிள்ளை பெரும்பாலும் 1/4இல் ஆரம்பித்து, பதினொன்று, பன்னிரண்டு வயதில் முழு அளவுக்கு வரும். அதற்குள் மூன்று முறை கருவி மாற வேண்டும். இதைத் தவிர்க்க, வளர்ந்த பிறகும் உதவும் என்று முழு அளவையே வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. தீபாவளிச் சட்டையை ஓர் அளவு பெரிதாகத் தைக்கலாம். வயலினில் அது நடக்காது. விரல்களுக்கு இடையிலான தூரம் எட்டாமல் பிள்ளை உள்ளங்கையை முறுக்கும், மணிக்கட்டை மடக்கும், தோளைத் தூக்கும். பிறகு சரியான அளவுக் கருவி வந்தாலும் அந்தக் கோணல் கையை நிமிர்த்த ஆசிரியர் வருடக்கணக்கில் பாடுபட வேண்டும். நாம் தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பதால் எடை தாங்கும் சிரமம் குறைகிறது என்பது உண்மை. விரல் எட்ட வேண்டிய தூரம் அதனால் குறைவதில்லை. மேல்நாடுகளில் பிள்ளைகளுக்கு வயலின் வாடகைக்கு எடுப்பது சாதாரண வழக்கமாக இருப்பதற்கு, அளவு மாறிக்கொண்டே இருப்பதுதான் முக்கியக் காரணம்.

வாடகை கொடுத்தால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாதே என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். ஒரு வயலின் விலை 8,000 ரூபாய், மாத வாடகை அதில் இருபதில் ஒரு பங்காக 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 4,800 ரூபாய் போகும். இருபது மாதம் ஆனால் வாடகை விலைக்குச் சமமாகிவிடும். அதுவரை எடுத்தால் வாடகை நட்டம் என்று தோன்றும். ஆனால் அந்த இருபது மாதத்துக்குள் சிறு பிள்ளைக்கு அளவு மாறியிருக்கும். விலைக்கு வாங்கியவர் இரண்டாவது கருவிக்கு மறுபடி பணம் புரட்ட வேண்டும். மட்டமான புது வயலினை விற்கப் போனால் கொடுத்த விலையில் சிறு பகுதியே திரும்பும். வாடகைக்குக் கொடுப்பவர் பழுதுபார்ப்பதையும் ஏற்றுக்கொண்டால், அந்தச் செலவையும் கழித்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குக் கணக்கு வேறு. அளவு மாறாது, ஆறு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்து, தொடர்வது உறுதியானதும் வாங்கிவிடுவதே அவர்களுக்கு லாபம். எனவே வாடகை என்பது எல்லோருக்கும் எப்போதும் சரி என்று நான் வாதிடவில்லை. வளரும் பிள்ளைக்கு அளவு நிலைக்கும்வரை, பெரியவருக்கு மனம் உறுதிப்படும்வரை அது சரி.

வாடகைக்கு எடுக்குமுன் சில விஷயங்களைப் பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. முன்பணம் எவ்வளவு, திரும்ப எப்போது கிடைக்கும்? தந்தி அறுந்தால் யார் செலவு? அளவு மாற்றித் தருவார்களா? பிறகு அதே கருவியை வாங்க நினைத்தால் கொடுத்த வாடகையை விலையில் கழிப்பார்களா? ஏற்கெனவே இருக்கும் கீறல், விரிசல் எல்லாவற்றையும் முதல் நாளே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பெருநகரங்களுக்கு வெளியே வாடகைக்குக் கருவி கிடைப்பது அரிது என்பதும் உண்மைதான். இந்தக் கட்டுரையின் யோசனைக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் அது. ஆனால் கடைப்பலகையில் எழுதியிருக்காத வழிகள் சில உண்டு. பல ஆசிரியர்களிடம் மாணவர்கள் விட்டுப்போன கருவிகள் இருக்கும். அதே வகுப்பில் மூத்த பிள்ளைக்குச் சிறிதாகிப்போன 1/2 வயலின் அடுத்த பிள்ளைக்குச் சரியாக இருக்கும். ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் அது கைமாறும். புதிதாக விற்கும் கடைக்காரரிடமே, ஓராண்டில் திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று வாங்குமுன் கேட்கலாம். நியாயமான தொகையைச் சொல்லி எழுதித் தருவாரானால் அதுவும் வாடகைக்குச் சமமான ஏற்பாடுதான். தமிழ்நாடு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் வயலின் ஒரு பாடமாக உள்ளது. பயிற்சிக்குக் கருவி தருவார்களா என்று சேருமுன் கேட்டறிவது நல்லது.

எந்த வழியும் இல்லாமல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய வயலினை ஆசிரியரோடு போய்ப் பாருங்கள். ஆசிரியர் வர முடியாதபோது நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. பிருடை ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். வழுக்கவும் கூடாது, இறுகி நகராமலும் இருக்கக் கூடாது. குதிரை முன்னோ பின்னோ சாயாமல் நிற்கிறதா, அதன் இரு கால்களும் பலகையோடு இடைவெளியின்றிப் பதிந்திருக்கின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். மேற்பலகையில் உள்ள வளைந்த துளை வழியாக உள்ளே நோக்கினால், குதிரையின் மெல்லிய தந்திப் பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னால் சவுண்ட் போஸ்ட் நேராக நிற்க வேண்டும். அதைப் பசை வைத்து ஒட்டுவதில்லை, அழுத்தத்தில்தான் நிற்கிறது. நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் அது விழுந்துவிடக்கூடும் என்பதால், தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். விரல் முட்டியால் ஓரங்களை மெல்லத் தட்டிப் பாருங்கள். சலசலப்புக் கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. ஒட்டு விட்டதற்காக அஞ்ச வேண்டாம். வயலினைத் திறந்து பழுதுபார்க்க வசதியாகவே அதற்குரிய பசையால் ஒட்டுகிறார்கள். விலை குறைத்துக் கேட்க அது நல்ல காரணம். சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்துக்கு மேலோ கீழோ விரிசல் ஓடினாலோ, கழுத்துப் பகுதி ஆடினாலோ, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கடைசியாக, உங்கள் ஆசிரியர் வைக்கும் கட்டைச் சுருதியில் சேர்த்து வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பணத்தைப் பிரித்து வைக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் 8,000 ரூபாய் இருந்தால், முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாமல், கருவிக்கு அதிகபட்சம் 5,000 என்று எல்லை வகுத்து, மீதி 3,000 ரூபாயைக் குதிரை செதுக்க, பிருடை சரிசெய்ய, நல்ல தந்திகள் மாட்ட, வில்லைக் கவனிக்க என்று ஒதுக்குங்கள். தொகை எதுவானாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இப்படி ஒதுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. வயலினை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவருவதில் தந்திக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரண வயலினில் நல்ல தந்தி மாட்டினால் ஒலி தெளிவடைவதைப் பழகாத காதும் உணரும். பெட்டியோடு இலவசமாக வரும் வில்லைப் பலரும் கவனிப்பதில்லை. வயலினில் நீண்டு ஒலிக்கும் ஒவ்வொரு சுவரத்தையும் எழுப்புவது வில்தான். குச்சி ஒரு பக்கமாக வளைந்திருந்தால் அந்த வில் உதவாது. வில்லில் கட்டியிருக்கும் குதிரைமுடி குறைந்திருந்தால் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தி வைக்கப் பிள்ளைக்கு முதல் நாளே கற்றுக்கொடுத்தால் வில் நீண்ட நாள் உழைக்கும். கருவியைப் பூட்டிய காரிலோ வெயில் படும் சன்னலோரத்திலோ வைக்காதிருப்பது காசில்லாமல் செய்யக்கூடிய பராமரிப்பு.

வீணைக்கு வந்தால் இதே வாதம் வேறு உருவில் பொருந்துகிறது. வீணையில் 24 மெட்டுகள். அவை மெழுகில் பதிக்கப்பட்டவை. மெழுகு வெப்பத்தில் இளகும். காலப்போக்கில் மெட்டு நகரும். நகர்ந்த மெட்டில் வாசிக்கும் பிள்ளை தவறான சுவரத்தையே சரியென்று கேட்டுப் பழகும். எளிய சோதனை ஒன்று உண்டு: தந்தியை விரல் வைக்காமல் மீட்டி, பிறகு 12ஆவது மெட்டில் வைத்து மீட்டினால் அதே சுவரம் மேல் ஸ்தாயியில் பிசகாமல் ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை என்றால் மெட்டுகளைச் சரியான இடத்தில் மறுபடி பதிக்கும் மேளம் கட்டும் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். அதன் செலவை முதலில் விசாரித்து, விலையில் கழித்துப் பேச வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. குடம், தண்டி, யாளி முகம் அனைத்தையும் ஒரே மரத்தில் குடையும் ஏகாண்ட வீணை விலை மிகுந்தது. பகுதிகளைத் தனித்தனியே செய்து இணைக்கும் ஒட்டு வீணை விலை குறைவு. முதல் வீணைக்கு ஒட்டு வீணையே போதும். குடத்தின்மேல் செய்யும் சித்திர வேலைப்பாடு கண்ணுக்கு அழகு, சுவரத்துக்கு அதில் பங்கில்லை. வீணை வயலினைப்போல் பல அளவுகளில் மாறிக்கொண்டே போவதில்லை. எனவே நல்ல பழைய வீணையை வாங்கி மேளம் கட்டிக்கொண்டால் அது பல ஆண்டுகள் உடன் வரும். வாடகையைவிடப் பழைய கருவி வாங்குவதே சிறந்தது என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

இவ்வளவும் ஒரு குடும்பம் தனியாகச் செய்யக்கூடியவை. ஆனால் கருவிச் செலவு முழுவதையும் குடும்பத்தின் தலையில் மட்டும் வைப்பது நம் இசை வரலாற்றுக்கே புதிது. கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்ததே ஆதரவாளர்களின் கையால்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்க ஏற்பாடு செய்தவர்கள் மணலி முதலியார் குடும்பத்தினர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள். மன்னர்களும் ஜமீன்களும் போன பிறகு அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்பதற்கு உலகில் விடைகள் உண்டு. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்தேமா இயக்கம் ஏழைப் பிள்ளைகளின் கையில் கருவியைக் கொடுத்தே வளர்ந்தது. மேற்கு வங்கத்தின் காலிம்பொங்கில் 1993இல் எட்வர்ட் மெக்கையர் என்ற பாதிரியார் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளியில் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் வயலின் கற்கிறார்கள். சென்னையிலேயே ஏ.ஆர். ரஹ்மான் அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வசதியற்ற பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறது. நூலகம் புத்தகத்தை இரவல் தருகிறது. சபாவும் இசைப்பள்ளியும் கோயில் மண்டபமும் கருவியை இரவல் தர முடியாதா? பத்து வயலின்களும், அவற்றைச் சரிபார்க்க ஆண்டுக்கு இருமுறை வந்துபோகும் ஒரு ரிப்பேர்க்காரரும் இருந்தால் ஓர் ஊருக்குத் தொடக்கமாக அது போதும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். பிள்ளைக்கு முதல் கருவி தேடும் பெற்றோரே, கடைக்குப் போகுமுன் ஆசிரியரிடம் போங்கள். கருவியின் விலையை விசாரிக்கும்போதே அதைச் சரிபார்க்கும் செலவையும் விசாரியுங்கள். சுருதியில் நிற்காத கருவியைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். ஒரு காலத்தில் ஆசையாக வாங்கிய வயலினையோ வீணையையோ பரணில் ஏற்றி வைத்திருப்பவர்களே, இந்த வருடம் சரஸ்வதி பூஜைக்கு அதை இறக்கி, தூசி தட்டி, பக்கத்துத் தெருவில் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் வகுப்பில் அதற்காக ஒரு பிள்ளை காத்திருக்கலாம்.